மருந்து அடிப்பதா, கையால் புல் எடுப்பதா?

தேயிலை மலையில் களையை ஒழிக்க இரண்டு வழி. முதுகில் டாங்கியைச் சுமந்து களைநாசினி அடிக்கலாம். இல்லையென்றால் ஆள் இறங்கிக் கையால் எடுக்கலாம்.

மருந்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: தோட்டத்தில் ஆள் இல்லை. பலர் பல நாள் செய்யும் வேலையை ஒருவரே முடித்துவிடுகிறார். இலங்கையில் 2015இல் தடை செய்யப்பட்ட கிளைபோசேட் என்ற களைநாசினி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டது.

ஆனால் மருந்து அடித்த மலையைப் பெருமழைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். புல்வேர் செத்து, செடிகளுக்கு இடையே மண் மொட்டையாகக் கிடக்கும். தேயிலைத் தூரின் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கானில் (வடிகாலில்) ஓடும் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அந்த மேல்மண் ஓடைகளில் இறங்கி நீர்த்தேக்கங்களில் படிகிறது. கீழே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பீலித் தண்ணீரை, அதாவது மலையிலிருந்து குழாயில் விழும் ஊற்றுநீரை, குடிப்பது நம் பிள்ளைகள்.

கைவேலையிலும் தவறு நடக்கும். சுரண்டியால் தரையைச் செதுக்கினால் மண் இளகி, அதுவும் மழையோடு போய்விடும். வேரை விட்டுவிட்டு மேலே வெட்டி, வெட்டிய புல்லைச் செடியடியில் பரப்ப வேண்டும். ஈரம் நிற்கும், மண்புழு வரும், புதுப் புல்லும் குறையும்.

எனக்குச் சந்தேகமே இல்லை: சரிவுக்கும் ஓடைக்கரைக்கும் கைவேலைதான் சரி. மற்ற இடத்தில் மருந்து தவிர்க்க முடியாவிட்டால், மழை நாளில் அடிக்காதீர்கள், அடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள். பீலிக்கு மேலே மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம்.