அரிசிப் பையும் வாசல்படியும்: குதிகால் வலிக்கு 14 மாத பிசியோ

பிசியோ என்கிற இயன்முறைச் சிகிச்சையை 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தேன். 2025 அக்டோபரோடு பதினாலு மாதம். பாதியில் எழுதியிருந்தால் ஒன்று திட்டித் தீர்த்திருப்பேன், இல்லையென்றால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை எனக்கு, அதாவது ஆட்களை மேய்க்கிற கங்காணி. வயது 49. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். 2024 தைப்பூசத்துக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குப் பால்குடத்தோடு வெறுங்காலில் நடந்தேன். மறுநாள் இடது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் பிடித்துக்கொண்டது. முருகன் மேல் பழி போட மாட்டேன். அந்த மாதம்தான் என்னை மேட்டுக்காட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமும். காலில், நம்மாட்கள் ‘அடிடாஸ் கம்போங்’ (கிராமத்து அடிடாஸ்) என்று கேலி பண்ணுகிற அந்தக் கறுப்பு ரப்பர் ஷூ. அதில் குதிப்பக்கம் உயரமே கிடையாது. பால்குடம் கடைசி சொட்டு, அவ்வளவுதான்.

இந்த வலியின் குணம் விசித்திரமானது. விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடிதான் நரகம். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போவேன். பெரட்டில் (காலையில் ஆட்கள் கூடுகிற இடத்தில்) ஆள் கணக்கு எடுத்து முடிப்பதற்குள் இளகிவிடும். பத்து மணிக்கு வலி இருந்ததே மறந்துபோகும். மத்தியானம் அரைமணி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இளகுகிறதே, சரியாகிவிடும் என்று நினைத்தே மூன்று மாதம் ஓட்டினேன்.

அதற்குள் எல்லாம் பார்த்தாயிற்று. கோயோக் (மருந்துப் பட்டை) ஒட்டினேன். லயத்துப் பாட்டி எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார், அன்று ராத்திரி சுகம், காலையில் இன்னும் மோசம். பிறகு ஒரு தனியார் பிசியோ மையம். பத்து தடவைக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்), மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். “படுங்க அங்கிள்” என்பார்கள். ஏர்கோன் குளிரில் ஒட்டு வயர், ஜெல் தடவி ஒரு மெஷின், கடைசியில் வெந்நீர் ஒத்தடம். நன்றாகத் தூக்கம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஏழு தடவை போயும் ஒருவர்கூட “எழுந்து நில்லுங்கள், நடந்து காட்டுங்கள்” என்று சொல்லவில்லை. மிச்சம் மூன்று தடவைக்குப் பணம் திரும்பி வராது என்றார்கள், விட்டுவிட்டேன். பிறகுதான் ஒருவர் சொன்னார்: 2016-இல் வந்த சட்டம் 774-இன்படி பிசியோ பார்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டுவதற்கு முன் பதிவு உண்டா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். நான் ரசீதுகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

கடைசியாக அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, டாக்டர் கடிதம் எழுதி, ஆறு வாரம் காத்திருந்து ஆஸ்பத்திரி பிசியோவுக்குப் போனேன். மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் சிகிச்சை என்று எதுவுமே செய்யவில்லை. நாற்பது நிமிஷமும் கேள்வியும் அளவும்தான். எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது யோசித்தால், நான் குணமானது அந்த நாற்பது நிமிஷத்தில்தான் தொடங்கியது.

முதலில் என் பேச்சைத் திருத்தினார். நாம் எல்லாரும் ‘குதிகால் நரம்பு’ என்கிறோம் இல்லையா, அது நரம்பே இல்லையாம். கெண்டைச் சதையைக் குதி எலும்போடு கட்டியிருக்கும் கயிறு, தசைநாண். குப்புறப் படுக்கவைத்து இரண்டு விரலால் அந்தக் கயிற்றை மேலிருந்து கீழே கிள்ளிக்கொண்டே வந்தார். குதி எலும்புக்கு நான்கு விரல்கடை மேலே வந்ததும் நான் துள்ளிவிட்டேன். அந்த இடத்தில் சின்ன வெங்காயம் மாதிரி ஒரு தடிப்பு. வலது காலில் அது இல்லை. பிறகு கெண்டைச் சதையை அழுத்தினார், பாதம் தானாகக் கீழே அசைந்தது. அசைந்தால் கயிறு அறுந்துபோகவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சுவரில் விரல் நுனி வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் எம்பி எம்பி இறங்கச் சொன்னார். வலது கால் 22. இடது கால் ஏழாவதில் நடுங்கி, எட்டாவதில் குதி தரையை விட்டே எழவில்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. முப்பது வருஷம் தோட்டத்தில் நடந்த கால் இது! குதியைத் தூக்காமல் சுவரை முட்டி தொடுகிற அளவு பார்த்தார்: பெருவிரல் சுவரிலிருந்து வலது 11 சென்டி, இடது 6. பின்னால் நின்று என் பாதத்தைப் பார்த்தார். உள்பக்கக் கணுக்கால் தசைநாண் கெட்டிருந்தால் பாதம் சரிந்து வெளிப்பக்கம் அதிக விரல் தெரியுமாம். எனக்கு அது இல்லை. சர்க்கரை அளவு, கொழுப்பு, சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிட்டேனா என்றெல்லாம் கேட்டார். அந்த வகை மருந்து தசைநாணைப் பலவீனமாக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியில் எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாள். நூற்றுக்கு எத்தனை என்று வரும், நூறு என்றால் தொல்லையே இல்லை. எனக்கு 38.

ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகாதா என்று கேட்டேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும், ஆனால் இந்தக் கயிறு அறுந்துபோகிற ஆபத்து உண்டு என்றார். வேண்டாம் சாமி என்றுவிட்டேன்.

சரி, கொடுத்தது என்ன? குதியைத் தூக்கி இறக்குவது. மெஷின் இல்லை, எண்ணெய் இல்லை. முதல் மூன்று வாரம் இரண்டு காலிலும் எம்பி நின்று 45 விநாடி, ஐந்து தடவை. கூடவே ஷூவுக்குள் குதிப்பக்கம் ஒரு சின்ன மெத்தை. பிறகு வாசல்படி விளிம்பில் நின்று, மூன்று எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்கி, 15 தடவை, மூன்று சுற்று. முட்டியை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி வைத்து ஒரு முறை. மடக்கினால் உள்ளே இருக்கும் இன்னொரு கெண்டைச் சதை வேலை செய்யுமாம். அடுத்தது ஒற்றைக் கால். அப்புறம் மகளுடைய பழைய பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசி மூட்டையைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். ஏழாம் மாதத்தில் இரண்டு மூட்டை. “ஏங்க, சோத்துக்கு அரிசி எடுக்கணும், பையைக் கழட்டுங்க” என்று வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து.

வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்காமல் பாரம் ஏற்றுவதா என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சுவீடனில் ஊமியோ என்ற ஊரில் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு டாக்டர், அவரே ஓட்டக்காரர், அவருக்கே இந்த வலி. ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டால் மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்ற கோபத்தில் வலிக்க வலிக்கப் பாரம் ஏற்றினார். அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது. 1998-இல் பொழுதுபோக்காக விளையாடுகிற 15 பேருக்கு அதையே 12 வாரம் கொடுத்துக் கட்டுரை எழுதினார். அவர் முறை தினமும் 180 தடவை. 2015-இல் டென்மார்க்கில், வாரம் மூன்று நாள் கனமான பாரத்தோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் என்று காட்டினார்கள். வேலைக்குப் போகிற ஆளுக்கு இதுதான் ஒத்துவரும் என்று என் பிசியோ எனக்கு இரண்டாவதைக் கொடுத்திருக்கிறார்.

என்னைக் காப்பாற்றியது பயிற்சியைவிட ஒரு விதி. செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலை அந்த முதல் பத்து அடி என்ன சொல்கிறது என்று பார். வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் பாரத்தைக் குறை, நிறுத்தாதே. கோயில் காலண்டர் கட்டத்தில் தினமும் காலை ஒரு எண் எழுதினேன். முதல் மாதம் 6, 6, 5, 7. ராகு காலத்துக்குப் பக்கத்தில் என் கால் காலம்.

தீபாவளிக்குள் எண் 2-க்கு வந்துவிட்டது. நானே டாக்டர் ஆகிவிட்டேன். அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டரை வாரம் படிப்பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, விட்ட இடத்திலிருந்தே பிடிக்கிறேன் என்று பை மாட்டி முழுச் சுற்று, சாயங்காலம் பையன்களோடு பேட்மிண்டன் வேறு. திங்கள் காலை 8. பெரட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். பிசியோ திட்டவில்லை. “பெலான்-பெலான் (மெதுவாக), அங்கிள்” என்று மட்டும் சொல்லி, பாரத்தைப் பாதியாக்கினார். பழைய இடத்துக்கு வர ஐந்து வாரம் பிடித்தது. 2025 தைப்பூசத்துக்குக் குடம் எடுக்கவில்லை, தண்ணீர்ப் பந்தலில் நின்றேன்.

யாராவது இதைப் படித்துவிட்டு இன்றே படியில் ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை. எனக்கு வலி கயிற்றின் நடுவில். குதி எலும்பிலேயே ஒட்டுகிற இடத்தில் வலி என்றால் குதியைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையில்தான் செய்ய வேண்டும். என் சகலைக்கு அப்படித்தான், நான் சொன்னதைக் கேட்டுப் படியில் செய்து இன்னும் கெடுத்துக்கொண்டார், அந்தப் பாவம் எனக்கு. அதேபோல் பின்னாலிருந்து யாரோ அடித்த மாதிரி ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்டு, எம்பி நிற்க முடியாமல் போனால் பயிற்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

குறையும் சொல்ல வேண்டும். பதினாலு மாதத்தில் மொத்தம் ஒன்பது தடவைதான் பார்த்தார்கள். எல்லாம் வாரநாள் காலை, ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளம் போயிற்று. இடையில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. தினமும் யாராவது பக்கத்தில் நின்று செய்யவைத்தால்தான் செய்வேன் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

கடைசியாகப் போனது செப்டம்பரில். இடது கால் 20, வலது 23. சுவர் அளவு 10 சென்டி. தாளில் 86. மேட்டுக்காட்டுக்கே திரும்பிவிட்டேன், ஷூவை மாற்றிக்கொண்டு. வாரம் இரண்டு நாள் பை இன்னும் முதுகில் ஏறுகிறது. அந்தச் சின்ன வெங்காயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வலி போனாலும் தடிப்பு போகாமல் இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.