ஆங்கிலத்தில் தேறிய ஜப்பானியர் எதை எழுதிப் பழகலாம்? டைரி, கட்டுரை, மொழிபெயர்ப்பு, சுருக்கம்

எய்கென் என்ற ஜப்பானிய ஆங்கிலத் திறன் தேர்வில் மிக உயர்ந்த படியான முதல் நிலையை நெருங்கிவிட்ட ஜப்பானியர் ஒருவர் ஆங்கில நாளிதழைத் தடங்கலில்லாமல் படிப்பார், செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்வார். எழுதச் சொன்னால் மட்டும் வாக்கியங்கள் பள்ளிக்கூடக் காலத்துக்குத் திரும்பிவிடும். இந்த இடைவெளியைக் குறைக்க அங்கே நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஆங்கில டைரி, கருத்துக் கட்டுரை, ஜப்பானியத்திலிருந்து மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுதல். நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். எழுத வராத இடத்தில் நழுவிப் போவதற்கு அது எவ்வளவு வழி விடுகிறது?

இந்தக் கேள்விக்குக் காரணம் ஒரு பழைய ஆய்வு. பாரசீக, அரபு, சீன, ஜப்பானிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றில் 'ஹூ', 'விச்', 'தட்' போட்டுப் பெயரை விவரிக்கும் தொடர்களை மொழியியலாளர் ஜாக்குலின் ஷாக்டர் எண்ணிப் பார்த்து, 1974இல் முடிவை வெளியிட்டார். சீனரும் ஜப்பானியரும் அவற்றில் குறைவாகவே தப்பு செய்திருந்தார்கள். அதை வைத்து அவர்களுக்கு அது நன்றாக வருகிறது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்தத் தொடர்களையே அவர்கள் மிகக் குறைவாகத்தான் எழுதியிருந்தார்கள். கடினமான இடத்தைச் சுற்றிப் போயிருந்தார்கள்.

தமிழருக்கு இது சட்டென்று விளங்கும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஜப்பானியர் 'கினோ கத்தா ஹோன்' என்கிறார். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, நம்முடைய பெயரெச்சம் போலவே. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் வந்துவிட, விவரம் பின்னால் தொங்குகிறது. அவசரத்தில் எழுதுகிறவர் இரண்டு சின்ன வாக்கியங்களாக உடைத்துவிட்டுப் போய்விடுவார். தப்பு ஒன்றும் இருக்காது, வளர்ச்சியும் இருக்காது.

டைரியில் நழுவ வழி அதிகம். என்ன சொல்வது என்பதை முடிவு செய்வதே எழுதுகிறவர்தானே. தெரிந்த சொற்களுக்கு ஏற்றபடி அந்த நாளே சுருங்கிவிடும்: போனேன், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. 2007இல் ஜப்பானில் தொடங்கிய லாங்-8 தளத்தில் இப்படி எழுதப்பட்ட டைரிகளை அந்தந்த மொழிக்காரர்களே திருத்திக் கொடுத்தார்கள். எழுதும் கூச்சம் போக அது அருமையான ஏற்பாடு. ஆனால் மேல்நிலைக்கு வந்தவருக்கு டைரி கையைப் பழக்கத்தில் வைத்திருக்குமே தவிர, உயர்த்தாது.

கருத்துக் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். எய்கென் முதல் நிலையில் 200 முதல் 240 சொற்கள், மூன்று காரணங்கள், முன்னுரை, உடல், முடிவுரை. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சுமார் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள். இதனால் வரும் நன்மை உண்மையானது. ஒரு பக்கம் நின்று, காரணம் காட்டி, கடைசி வரை அதிலிருந்து வழுவாமல் எழுதுவதை மற்ற மூன்றும் கற்றுத் தருவதில்லை. ஜப்பானிய எழுத்தில் கி-ஷோ-தென்-கெத்சு என்றொரு நான்கு படி அமைப்பு உண்டு. சீனக் கவிதையிலிருந்து வந்தது. மூன்றாவது படியில் பேச்சு திடீரென்று வேறு பக்கம் திரும்பும். அசாஹி ஷிம்புன் நாளிதழின் 'தென்செய் ஜிங்கோ' பத்தியை வைத்து மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் 1980களில் இதை விளக்கினார். ஜப்பானியர் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அதை நீட்டுவது சரியில்லை என்று பின்னர் ஆய்வாளர் ரியூகோ குபோதா மறுத்தார். என் ஓட்டு அவருக்கே. பல்கலைக்கழக நுழைவுக்காக ஷோரோன்புன் எனப்படும் சிறு கருத்துக் கட்டுரையை எழுதிப் பழகிய ஜப்பானிய மாணவருக்கு, கருத்தைச் சொல்லிக் காரணம் காட்டும் எழுத்து ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அமைப்பு பிடிபட்ட பிறகுதான் தொல்லை. 'ஐ பிலீவ்' என்று தொடங்கி, 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்', 'ஃபைனலி' என்று மூன்று பத்தி. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பொருளாதாரம், சுற்றுச்சூழல், தொழில்நுட்பம் என்று மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். தேர்வுக்கு இது போதும். மொழிக்குப் போதாது. ஏற்கெனவே எழுதத் தெரிந்ததைத்தான் வேறு தலைப்பில் திரும்ப எழுதிக்கொண்டிருப்போம். கட்டுரையே வேண்டும் என்றால் புதிது புதிதாக எழுதுவதைவிட, எழுதிய ஒன்றையே இந்த ஒட்டுச் சொற்களை எடுத்துவிட்டு மறுநாள் திரும்ப எழுதுவது மேல்.

மொழிபெயர்ப்பைப் பழைய பஞ்சாங்கம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கியோத்தோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் நேரடி ஆங்கிலம் கிடைக்காத ஜப்பானிய உரைநடையைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது பிரசித்தம். அங்கே நழுவ முடியாது, அந்த எண்ணத்தைச் சொல்லியே தீர வேண்டும். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பல நேரம் இருக்காது, ஆங்கிலத்தில் யார் செய்தார் என்பதை முடிவு செய்தே ஆக வேண்டும். மேல்நிலை மாணவருக்கு இந்த நெருக்கடி நல்லது. குறை என்னவென்றால், எண்ணம் இன்னொருவருடையது. ஜப்பானிய வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலத்திலும் துருத்திக்கொண்டு நிற்கும் அபாயமும் உண்டு.

நான்கில் என் முதல் தேர்வு சுருக்கம். 2024இல் எய்கென் அதை உள்ளே கொண்டுவந்தது நல்ல முடிவு. முதல் நிலையில் சுமார் 300 சொல் பகுதியை 90 முதல் 110 சொற்களில், முடிந்தவரை சொந்தச் சொற்களில் தர வேண்டும். இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மூலத்தில் மூன்று வாக்கியம்: நகராட்சி ஒரு பாலம் கட்டியது; மீனவர்கள் அதை எதிர்த்தார்கள்; பத்து ஆண்டு கழித்து அவர்களே அதைக் காப்பாற்றப் போராடினார்கள். சுருக்கத்தில் இதற்கு ஒரு வாக்கியம்தான் இடம். 'ஒரு காலத்தில் எதிர்த்த பாலத்தையே மீனவர்கள் பின்னர் காக்கப் போராடினர்' என்று மடித்தாக வேண்டும். ஷாக்டரின் மாணவர்கள் சுற்றிப் போன அதே தொடர் இங்கே தானாக வந்து நிற்கிறது. சொந்தக் கருத்துக்கு இதில் இடமில்லைதான். அதற்குச் சுருக்கத்தின் கீழே ஒரே ஒரு பத்தியில் மறுப்போ ஆதரவோ எழுதிக்கொள்ளலாம்.

சரி, யாருக்கு எது? ஐஇஎல்டிஎஸ் தேதி நெருங்கிவிட்டதென்றால் கடிகாரம் வைத்துக் கட்டுரை எழுதுவதைத் தவிர வேறு பேச்சில்லை. எழுதவே பயப்படுகிறவருக்கு டைரி. மற்றவர்கள் சுருக்கமும் கீழே ஒரு பத்தியுமாக எழுதட்டும், நடுநடுவே கடினமான ஒரு மொழிபெயர்ப்பையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், திருத்தம். இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை என்று ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுத, இன்னொரு ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் 1999இல் மறுத்து எழுதினார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஜப்பானில் தென்சாக்கு எனப்படும் சிவப்பு மை திருத்தத்துக்குப் பெரிய மதிப்பு, இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் எந்தத் திருத்தமும் தாளில் இருப்பதைத்தான் பார்க்கும். எழுதாமல் விட்டது அதன் கண்ணில் படாது. அதனால் எழுதும்போதே ஓரத்தில், சொல்ல நினைத்துக் கைவிட்ட எண்ணத்தை ஜப்பானியத்திலேயே ஒரு வரி குறித்து வைக்க வேண்டும். திருத்துகிறவர் ஜப்பானியம் அறிந்தவராக இருந்தால், கட்டுரைக்கு முன்னால் அந்த ஓரக் குறிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஏ', 'த' என்ற ஆங்கிலச் சிறு சொற்களின் திருத்தங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.