‘மனமே’ திரும்ப வருகிறதென்றால் லயனல் வென்டில்தான் பார்க்க வேண்டும்

2026 நவம்பர் 3 வந்தால் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ என்கிற சிங்களப் பாட்டு நாடகம் முதன்முதலாக மேடையேறி 70 ஆண்டு நிறைகிறது. கொழும்பில் விடாமல் நாடகம் பார்க்கிற கூட்டத்துக்குள் இதைப் பற்றித்தான் பேச்சு. புது நடிகர்களா, இளவரசியாக யார் வருவார், பழைய மெட்டுகளில் கை வைப்பார்களா என்று ஆளுக்கொரு கதை. எனக்கு அதையெல்லாம் விட, எங்கே போடுவார்கள் என்பதுதான் கவலை. பெரிய விழா என்றால் பெரிய மண்டபம்தான் என்று யாராவது முடிவெடுத்துவிட்டால் நாடகத்தில் பாதி போய்விடும். 1956-ல் முதல் காட்சி நடந்தது கொழும்பு 7 லயனல் வென்ட் அரங்கில். இன்றைக்கும் இந்த நகரத்தில் அந்த நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதனால் இது அரங்கைப் பற்றிய விமர்சனம்தான், ஆனால் முழுக்க ‘மனமே’யை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அரங்கைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முன்பு கில்ஃபோர்ட் கிரெசன்ட் என்று சொன்ன, இப்போது பிரேமசிறி கேமதாச மாவத்தை ஆகிவிட்ட வீதியில் இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் புதுப் பெயரைச் சொல்வதைவிட “வென்ட்” என்று சொன்னால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார். லயனல் வென்ட் பெரிய புகைப்படக் கலைஞர், பியானோ வாசிப்பவர், 43 குழு என்கிற ஓவியர் கூட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்தவர். 1944-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய வீடு இருந்த காணியிலேயே நண்பர்கள் முன்நின்று கட்டி 1953-ல் திறந்த அரங்கு இது. சுமார் 600 கதிரைகள், அவ்வளவுதான். கீழே ஒரு தளம், மேலே பல்கனி. கூடவே ஓவியக் கண்காட்சிக் கூடங்களும் உண்டு, நேரத்தோடு போனால் அங்கே ஏதாவது நடந்துகொண்டிருக்கும், சும்மா நிற்க வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த அரங்கின் பலமே அதன் அளவுதான். கீழ்த்தளத்தில் நடுவரிசைகளில் இருந்தால் மேடையில் நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியும், மைக் இல்லாத குரலும் வந்து சேரும். ‘மனமே’க்கு இது எவ்வளவு முக்கியம் என்பது நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே புரியும். மேடையில் காடு இல்லை, அரண்மனை இல்லை, தொங்கவிட்ட திரைச்சீலை ஓவியம் எதுவும் இல்லை. பாடகர் கூட்டமும் மத்தளக்காரரும் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கதை சொல்பவர், பொத்தேகுரா என்பார்கள், முன்னால் வந்து சபைக்கு வணக்கம் சொல்லிக் கதையைத் தொடங்கிவைக்கிறார். இளவரசனும் இளவரசியும் மேடையைச் சுற்றி அடிவைத்து வந்தால் அதுதான் காட்டு வழிப் பயணம். ஆக, காட்டை நமக்குக் காட்டுவது பாட்டும் தாளமும் கால்களும்தான். அந்த மூன்றும் காதுக்கு நேரடியாக வரவில்லையென்றால் அங்கே பார்க்க வேறொன்றும் இல்லை.

வென்டில் முன்பக்கமாக இருந்து பார்த்தபோது எனக்கு அதிகம் பிடித்தது பெரிய பாட்டுகள்கூட இல்லை, அவற்றுக்கு இடையில் கேட்கிற சின்னச் சத்தங்கள். மத்தளக்காரர் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி மறுபக்கத்தில் விரல் நுனியால் தட்டும்போது தோலில் விரல் படுகிற அந்த வறண்ட சத்தம், அதற்குப் பிறகு வருகிற நாதம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. இளவரசி நீண்ட வரி ஒன்றைப் பாடி முடித்து மூச்சை இழுத்ததும் கேட்டது. வேடர் கூட்டம் வில்லோடு உள்ளே பாய்ந்தபோது பலகை அதிர்ந்தது கால் வழியாகத் தெரிந்தது.

இதே மாதிரிப் பாட்டு நாடகம் ஒன்றை வேறொரு பெரிய மண்டபத்தில் பார்த்திருக்கிறேன், எந்த மண்டபம் என்பது இங்கே தேவையில்லை. எல்லாருடைய கன்னத்திலும் மைக் ஒட்டி, சத்தம் முழுவதும் இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்து வந்தது. மேடையில் யார் பாடுகிறார் என்று வாயசைவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தாளம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டது, சொற்கள் அடியில் மாட்டிக்கொண்டன. கதிரை சொகுசு, குளிர் அளவாக இருந்தது, கழிப்பறை பளபளப்பு, ஆனால் நாடகம் மட்டும் என்னிடம் வந்து சேரவில்லை. அதற்குக் கொடுத்த காசு இப்போது நினைத்தாலும் மனதுக்கு உறுத்துகிறது.

அளவைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் அந்த வாள் காட்சி. கதை பலருக்குத் தெரிந்திருக்கும்: குருவின் மகளை மணந்துகொண்டு ஊர் திரும்புகிற இளவரசனைக் காட்டில் வேடர் தலைவன் மறிக்கிறான், பெண்ணை விட்டுவிட்டுப் போ என்கிறான், சண்டை மூள்கிறது. இளவரசன் அவனைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் வாளைக் கேட்கிறான். மூலமான பௌத்த ஜாதகக் கதையில் அவள் கைப்பிடி எதிரியின் பக்கம் போகும்படி வாளை நீட்டுகிறாள், பெண் என்றால் துரோகம் என்கிற பழைய பாடம். எதிரிவீர சரச்சந்திர அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய இளவரசி தயங்குகிறாள். தனியொருவனாக நின்று நேர்மையாகப் போரிட்டவனைக் கொல்ல வேண்டுமா என்று கேட்கிறாள். அந்த ஒரு கணம் கணவன் தடுமாற, வாள் வேடனின் கைக்குப் போய்விடுகிறது. அவள் மனதில் என்ன இருந்தது, இரக்கமா, ஆசையா, பயமா, யாரைக் குற்றம் சொல்வது? 70 ஆண்டாகச் சனம் இதையேதான் விவாதிக்கிறது, நாடகம் முடிந்து வெளியே வந்து ஓட்டோவுக்கு நிற்கும்போதும் விவாதிக்கிறது. இந்தக் கேள்வி முழுவதும் ஒரு நடிகையின் முகத்திலும் வாள் பிடித்த கையிலும்தான் இருக்கிறது. முதல் மேடையேற்றத்தின்போது இளவரசியாக நடித்த டிரிலீஷியா குணவர்தனவின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வது இதற்காகத்தான். அந்த முகமும் கையும் தெரியாத தூரத்தில் கதிரை கிடைத்தால், ஒருவர் செத்தார், ஒருவர் ஓடினார் என்கிற அளவில்தான் கதை மிஞ்சும்.

அடுத்தது, தமிழ் ஆட்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. “சிங்கள நாடகம், நமக்கு விளங்காது” என்று வெள்ளவத்தையில் பலபேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு ஒருமுறை வாருங்கள். சரச்சந்திர ஜப்பானில் கபுகி என்கிற மரபு நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து, நம் மண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடி எடுத்தது ‘நாடகம’ என்கிற சிங்களக் கிராமியப் பாட்டுக்கூத்து வடிவம். அதை அவருக்குக் கற்றுத் தந்தவர் அம்பலாங்கொடைப் பக்கத்து அண்ணாவியார் (கூத்து ஆசான்) சாள்ஸ் சில்வா குணசிங்க. அந்த வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்து, கத்தோலிக்கத் தமிழர் வழியாகக் கரையோரத்தில் இறங்கியது என்று சரச்சந்திரவே தன் ஆய்வில் எழுதியிருக்கிறார். என் பெரியம்மா மட்டக்களப்பு ஆள், சந்தையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். பொத்தேகுரா வந்து நின்று பாட, பின்னால் உள்ளவர்கள் வாங்கிப் பாடத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது நம்மட கூத்துத்தானே புள்ள, அந்தா அண்ணாவியார் நிக்காரு” என்றார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. வரவு, பிற்பாட்டு, அடி மாறுகிற இடம், எல்லாவற்றையும் எனக்கு முன்பாகவே அவர் பிடித்துக்கொண்டார்.

1956 என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவு வருவது ஜூன் மாதத்துச் சிங்களம் மட்டும் சட்டம். அதே ஆண்டு நவம்பரில், இதே நகரத்தில், தமிழ்க் கூத்தின் வழி வந்த ஒரு வடிவம் சிங்கள நாடகத்தின் உச்சமாகக் கொண்டாடப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும், பெருமையும் வரும். அந்த அலை அங்கேயே நிற்கவும் இல்லை. ‘மனமே’யைப் பார்த்த பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்தையும் இப்படி மேடைக்குக் கொண்டுவர முடியுமே என்று இறங்கினார். விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மாணவர்களைக் கொண்டு போட்டார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் அதே ‘இராவணேசனை’ப் புதுத் தலைமுறையோடு திரும்ப மேடையேற்றினார். ஆகவே ‘மனமே’யைப் பார்ப்பது நம் அரங்க வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான்.

இனி நடைமுறை. வென்டில் நாடகக் குழுக்கள் நாள் வாடகைக்கு எடுத்துத்தான் காட்சி போடுவார்கள், அதனால் டிக்கட் விலையும் நேரமும் குழுவுக்குக் குழு மாறும், விளம்பரத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். என் சிபாரிசு, முடிந்தால் அரங்கின் டிக்கட் கௌண்டருக்கே நேரில் போய் எடுப்பது. கதிரை வரைபடத்தைக் கண்ணால் பார்த்து, எது நடு, எது ஓரம் என்று கேட்டுத் தெரிவு செய்யலாம். ஒன்லைனில் விற்கிற ஓர் இணையத்தளத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கார்டில் காசு கழிந்த பிறகு பக்கம் உறைந்துவிட்டது. டிக்கட்டும் வரவில்லை, கழித்த காசும் உடனே திரும்பவில்லை, தொலைபேசியில் எடுத்தால் சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, தமிழுக்கு அழுத்த எதுவும் இல்லை. காசு கடைசியில் வந்தது, ஆனால் நல்ல வரிசை அதற்குள் போய்விட்டது. பழைய நாடகங்களுக்கு வருகிற சனத்தில் பாதிப்பேர் வயதானவர்கள், அவர்களை இப்படி அலைக்கழிப்பது சரியே இல்லை.

எங்கே உட்காரலாம்? ‘மனமே’க்கு என்றால் கீழ்த்தளம், முன்வரிசைகளை விட்டுச் சற்றுப் பின்னால், நடு. முதல் வரிசை வேண்டாம், கழுத்தை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அடிவைக்கிற கோலமும் முழுதாகத் தெரியாது. பல்கனி மலிவு, ஆடல் அமைப்பை மேலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், கூத்து தெரிந்தவர்கள் இரண்டாம் தடவை அங்கேயிருந்து பார்க்கலாம். முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கீழேயே எடுங்கள், அந்த வாள் காட்சிக்காக.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. வேடர்கள் வரும் இடத்தில் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். போவதற்கு முன் கதையை மட்டும் வீட்டில் ஒருமுறை சொல்லிவிடுங்கள், தமிழில், நிதானமாக. மாலைக் காட்சி முடிந்து வெளியே வரும்போது அந்த வீதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டோ தேடுவார்கள், கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டி முடித்த பிறகே எழும்பிப் போங்கள், முன்கூட்டியே ஓடி நடிகர்களை அவமதிக்க வேண்டாம். பிற்பகல் காட்சி இருந்தால் வயதானவர்களோடு போக அதுதான் வசதி.

70-ஆம் ஆண்டுக்காக யார் மேடையேற்றினாலும் அவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. கன்னத்தில் மைக் ஒட்டாதீர்கள், இந்த அரங்குக்கு அது தேவையே இல்லை. மெட்டுகளுக்குக் கீபோர்ட் சேர்த்து மெருகேற்றுகிறோம் என்று இறங்காதீர்கள். வாசலில் கொடுக்கிற தாளில் ஒரு பக்கம் தமிழில் கதைச் சுருக்கம் போடுங்கள், ஒரு விளம்பரத்தை வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்திலும் ஒட்டுங்கள், அரங்கில் எத்தனை தமிழ் முகங்கள் வருகின்றன என்று பிறகு பாருங்கள். எல்லாவற்றையும் விட எனக்குள்ள பெரிய ஆசை, அதே வாரத்தில் அதே மேடையில் ‘மனமே’ ஒரு நாள், ‘இராவணேசன்’ மறுநாள். இரண்டு மத்தளங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் ஒரே கதிரையில் இருந்து கேட்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு நடந்தால் கௌண்டர் திறக்கிற காலையில் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.