நூறுக்குக் ககரமா, சகரமா?

இலத்தீன், சமஸ்கிருதம், சிங்களம் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் புதிதாக ஒரு மொழியைச் சொந்தமாகக் கட்டும் இலங்கை ஹட்டன் ஊர்த் தம்பி ஒருவருக்குக் குழப்பம்: இலத்தீன் வழியா, சமஸ்கிருத வழியா?

ஒலி: குடும்பத்தின் மூலமொழியில் இருந்த அண்ணக் ககரம் (நாக்கு மேலண்ணத்தை ஒட்டி எழும் க) இலத்தீனில் ககரமாகவே நின்றது, நூறு 'கெந்தும்'. சமஸ்கிருதத்தில் சகரமானது, 'சதம்'. நம் சதக்காசில் இருப்பதும் இந்தச் சொல்தான். பஸ் கண்டக்டர் கேட்கும் சிங்கள 'சீய'வுக்கும் அதே வேர்.

இலக்கணம்: சமஸ்கிருதத்தில் எட்டு வேற்றுமை. நமக்கும் எட்டுத்தானே, பயமில்லை. ஆனால் ஒருமை, பன்மைக்கு நடுவே, இரண்டை மட்டும் குறிக்கும் இருமை வேறு! இலத்தீனில் ஆறு வேற்றுமை, இருமை இல்லை.

எழுத்து: சமஸ்கிருதத்தின் நாலு ககரத்துக்குத் தமிழில் ஒரே 'க'. இலத்தீனில் அந்தத் தொல்லை குறைவு.

சிங்களம் காதில் ஊறியவருக்குச் சகர வழி. மொழியைச் சீக்கிரம் கட்டி முடிக்க வேண்டுமா? சரி, ககர வழி.