சாயம் போன ரீல்கள்: சூப்பர் 8 படங்களோடு பதினான்கு வருடம்

2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாமுக்கு வெளியே நடக்கும் கார் பூட் சந்தையில் 40 பவுண்டு கொடுத்து ஒரு யூமிக் புரொஜெக்டரும் பதினொரு ரீல்களும் வாங்கினேன். வயல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்பார்கள். விற்ற பெரியவர், "எங்க அப்பாவோடது, ஓடும்னுதான் நினைக்கிறேன்" என்றார். ஓடியது, பல்புகூட எரிந்தது. இன்று அலமாரியில் 140 ரீலுக்கு மேல் இருக்கிறது. அதில் உருப்படியாகப் பார்க்க முடிந்தது எத்தனை என்றால் பாதிதான் தேறும். மீதிக்கு சாயம் போய்விட்டது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. வீடியோ கேசட் வருவதற்கு முன், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பிலிமைத்தான் வாங்கினார்கள். அமெரிக்காவின் காசில் பிலிம்ஸ் 1937-லேயே வீட்டுக்கான ரீல்களை விற்கத் தொடங்கிவிட்டது. கொடாக் 1965-ல் சூப்பர் 8 என்ற 8 மி.மீ. அகல வீட்டுப் பிலிமைக் கொண்டுவந்த பிறகு இந்த வியாபாரம் சூடுபிடித்தது. ஓர் அடி பிலிமில் 72 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். ஒலியோடு ஓடும்போது நொடிக்கு 24 கட்டம் என்றால், 200 அடி ரீல் கிட்டத்தட்ட பத்து நிமிடம். இரண்டு மணி நேரப் படத்தை அந்தப் பத்து நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்கி, அட்டைப்பெட்டியில் போஸ்டர் ஒட்டிக் கடையில் அடுக்கினார்கள். இங்கிலாந்தில் இதற்குப் பேர்போன டெரான் நிறுவனம் எங்கள் ஊருக்குப் பக்கத்து டட்லியில்தான் இருந்தது. நான் சேர்க்க ஆரம்பித்த சமயத்தில்தான் அவர்கள் கடையை மூடினார்கள். என் நேரம்.

முதல் நாள் இரவு சுவரில் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி, பெட்டியில் இருந்ததிலேயே அழகான ரீலை மாட்டினேன். 1970களின் விண்வெளி சாகசப் படம் ஒன்றின் சுருக்கம். விளக்கை அணைத்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "என்னங்க, எல்லாரும் வெயில்ல வெந்த மாதிரி இருக்காங்க?" வானம் ரோஜா நிறம், விண்கலம் ரோஜா நிறம், கதாநாயகன் முகம் பழுத்த தக்காளி. கறுப்பாக இருக்கவேண்டிய விண்வெளி செங்கல் சூளை மாதிரி இருந்தது. பல்பில் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் தேடி மாற்றுப் பல்பு வாங்கிப் போட்டேன். தண்டச் செலவு.

விஷயம் பல்பில் இல்லை. வண்ணப் பிரதியில் சியான் (பச்சைநீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள் இருக்கின்றன. சிவப்பு ஒளியைத் தடுத்து நிறுத்துவது சியான் சாயத்தின் வேலை. கொடாக்கின் அந்தக் கால ஈஸ்ட்மன்கலர் பிலிமில் போட்ட பிரதிகளில் அதுதான் இருப்பதிலேயே நோஞ்சான். அது சிதைந்து போனால் சிவப்பைத் தடுக்க ஆளில்லை. மஞ்சளும் மெதுவாக வெளுக்கும், மெஜந்தா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பழைய ரீல்கள் எல்லாமே சொல்லிவைத்தது போல ஒரே ரோஜா நிறத்தில் வந்து முடிகின்றன.

அடிக்கடி ஓட்டியதால் வெளுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கட்டம் விளக்குக்கு முன்னால் நிற்பது நொடியில் 24-ல் ஒரு பங்கு. நூறு தடவை படம் ஓட்டினாலும் அந்தக் கட்டத்தின் மேல் விழுந்த வெளிச்சம் மொத்தமாக நாலு நொடிதான். டப்பாவுக்குள், இருட்டில், சும்மா கிடக்கும்போதுதான் சாயம் போகிறது. சூடும் ஈரப்பதமும் அதை விரட்டுகின்றன. ஒருத்தரும் தொடாமல் பத்திரமாக வைத்திருந்த ரீல்தான் சில நேரம் அதிகமாகச் சிவந்திருக்கிறது.

தியேட்டர் பிரதிகளுக்கும் இதே கதிதான். 1980-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி சக இயக்குநர்களின் கையெழுத்தைத் திரட்டி, நிறம் நிலைக்கிற பிலிம் வேண்டும் என்று கொடாக்கை நெருக்கினார். அதற்குப் பிறகு, 1980களின் தொடக்கத்தில், எல்பிபி என்ற மங்காத வகை வந்தது. டெரான் பிற்காலத்தில் போட்ட பிரதிகளில் என்னிடம் ஆறு இருக்கின்றன, ஆறிலும் வானம் நீலமாகவே இருக்கிறது. ஆனால் சூப்பர் 8 சுருக்கங்கள் அமோகமாக விற்றது 1970களில். நல்ல பிலிம் வந்த நேரம் வீடியோவும் வந்துவிட்டது.

நிறத்தை மீட்க நான் செய்த வித்தைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடை விளக்குகளுக்குப் போடும் பச்சைநீல ஜெல் தாளில் ஒரு துண்டு வெட்டி லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். சிவப்பு அடங்கியது, வெள்ளைச் சட்டை ஓரளவு வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் 100 வாட் பல்பில் படம் அமாவாசைக்குப் போய்விட்டது. அரைகுறையாகச் சிவந்த ரீலுக்கு இது உதவும், முழுக்கச் சிவந்ததற்கு உதவாது. அப்புறம் ஒரு ரீலைக் கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்து கணினியில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். முகங்கள் மனித நிறத்துக்கு வந்தன, ஆனால் இலை கடைசிவரை பச்சையாகவில்லை. இல்லாத சாயத்தை எந்த மென்பொருளும் பிலிமிலிருந்து எடுக்க முடியாது, இருக்கிற மிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலையும். எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. கணினியில் பார்ப்பதற்கு புளூ-ரேயே வாங்கிவிடலாமே.

வாங்கும் விஷயத்தில் இப்போது நான் உஷார். விற்பவர் விளம்பரத்தில் "லேசான இளஞ்சூட்டு நிறம்" என்று எழுதினால் தக்காளி ரசம் என்று அர்த்தம். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் முதல் சில அடியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடிக்கிறேன். பார்க்கவேண்டியது முகத்தை அல்ல, கறுப்பை. கோட், தலைமுடி, இரவுக் காட்சி எதுவானாலும் சரி, கறுப்பு கறுப்பாக இருந்தால் ரீல் பிழைத்தது. காபிக்கொட்டை நிறமாக இருந்தால் போகத் தொடங்கிவிட்டது. அடுத்து, சுற்றிய ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு முன்னால் பிடிப்பேன். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பிலிமின் அடித்தளம் பாலியஸ்டர், தெரியாவிட்டால் அசிடேட். பாலியஸ்டர் லேசில் அறாது. சிக்கிக்கொண்டால் புரொஜெக்டர்தான் உடையும். அறுந்த இடத்தில் பசை பிடிக்காது, டேப் போட்டுத்தான் ஒட்டவேண்டும்.

அசிடேட்டுக்கு வேறு ஒரு சீக்கு. 2016 கோடையில் மனைவி மாடிப்படி ஏறி வரும்போதே, "மீன்-சிப்ஸ் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றார். வாங்கவில்லை. பரணில் வைத்திருந்த 400 அடி ரீல் ஒன்று வினிகர் வாடை அடித்துக்கொண்டிருந்தது. அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. ஒலிக்காகக் காந்தப் பட்டை பூசிய பிலிமில் இது சீக்கிரம் வரும். இங்கே பரண் என்பது கூரைக்கு நேர் கீழே, கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ்பெட்டி. ரீல்களுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. மறுநாளே எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரிக்கு இறக்கினேன். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள பட நிலைப்பு ஆய்வு மையம் தயாரிக்கும் சோதனைத் தாள்களை டப்பாக்களுக்குள் போட்டேன். நீலத் தாள் பச்சைக்கும் அப்புறம் மஞ்சளுக்கும் மாறினால் ஆபத்து. நாற்றம் வந்த அந்த ரீலைத் தனியாகப் பிரித்துவிட்டேன். இந்த ஏற்பாட்டால் நிறம் திரும்பி வராது, போவது மெதுவாகும். அவ்வளவுதான்.

இவ்வளவு அழுதுவிட்டு ஏன் இன்னும் விடவில்லை? அந்த முதல் பெட்டியின் அடியில், நான் கணக்கிலேயே சேர்க்காத நாலு மஞ்சள் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. 50 அடிச் சின்ன ரீல்கள், ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் கொடாக் லேபில் கழுவியவை. யாரோ ஒரு குடும்பம் எடுத்த விடுமுறைப் படங்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் மழை பெய்த ஒரு சாயங்காலம் மாட்டினேன். பிளாக்பூல் கடற்கரை, பின்னால் கோபுரம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சிறுமி கழுதை மேல் உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். அப்பாவின் கையில் சிவப்பு வாளி. பின்னால் கடல் சாம்பல் கலந்த பச்சை. நேற்று எடுத்தது போல இருந்தது. மனைவி எழுந்து போய் பெட்ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அது கொடாக்குரோம், கொடாக்கின் இன்னொரு வண்ணப் பிலிம். சாயத்தை உண்டாக்கும் ரசாயனம் மற்ற வண்ணப் பிலிம்களில் பூச்சுக்குள்ளேயே இருக்கும், கொடாக்குரோமில் அது கழுவும்போதுதான் சேரும். வேலை முடிந்ததும் மிச்சம் எதுவும் பிலிமில் தங்காது. இருட்டில் வைத்தால் அவ்வளவு லேசில் மங்காது. சாய்வாகப் பிடித்து பூச்சுப் பக்கத்தைப் பார்த்தால் உருவங்கள் செதுக்கியது போல மேடுபள்ளமாகத் தெரியும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸில் கடைசி லேப் 2010 டிசம்பரோடு அதைக் கழுவ வாங்குவதை நிறுத்தியது. இனி புதிதாக வராது.

கடையில் காசு கொட்டி வாங்கிய ஹாலிவுட் வண்ணம் ரோஜா நிறமாகி நிற்க, யாரும் வேண்டாம் என்று அடியில் போட்ட கழுதைச் சவாரி பளிச்சென்று இருக்கிறது. அதனால் என் வாங்கும் வரிசையே மாறிவிட்டது. முதலில் கொடாக்குரோம் வீட்டுப் படங்கள், பெட்டிக்கு ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கின்றன. அடுத்து கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படங்கள், அவற்றில் மங்க சாயமே இல்லை. கடைசியாக, கண்ணால் பார்த்த பிறகு மட்டும், வண்ணச் சுருக்கங்கள். இந்த ஒழுங்கை நான் எப்போதும் கடைப்பிடிப்பதில்லை. அட்டைப்பெட்டி அழகாக இருந்ததால் போன மாதம்கூட ஏமாந்தேன்.

அந்த விண்வெளி ரீலை மட்டும் தூக்கிப் போடவில்லை. புரொஜெக்டரைப் பிரித்து மாட்டினால், எண்ணெய் விட்டால், கீறல் விழுமோ என்ற பயமில்லாமல் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான். எழுபது தடவையாவது ஓடியிருக்கும். இன்னும் அதே தக்காளி.