மன்னார்குடி பக்கம் எல்கேஜி தேடுறவங்களுக்கு: இந்த ஸ்கூல் எப்படி?

என் பையன் இங்க எல்கேஜி முடிச்சு இப்ப யூகேஜி போறான். சேர்க்கும்போது எங்க அத்தை கேட்டாங்க, "லைன்ல நிக்கவும் செருப்ப அடுக்கி வைக்கவும் சொல்லிக்குடுக்கவா இவ்ளோ ஃபீஸு, எழுத்து எப்பம்மா சொல்லித் தருவாங்க"ன்னு. நெறய பேரு கேக்குறது இதான், அதனால அதப் பத்தியே எழுதுறேன்.

வீட்ல இவன் ஒத்தப் புள்ள, கேட்டது உடனே கைக்கு வந்துரும். இங்க கிளாஸ் நெறய புள்ளைங்க, சறுக்கு மரம் ஒண்ணுதான். அழுதான், தள்ளுனான், ஒரு பாப்பாவ கடிச்சே வச்சுட்டான். மிஸ் அடிக்கல (பெரிய கிளாஸ் புள்ளைங்களையே அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, இதுங்க அதவிடப் பொடிசுங்க). பக்கத்துல உக்காந்து "பாப்பாவுக்கு வலிக்குது பாரு, அவ எறங்குனதும் நீதான்"னு சொன்னாங்க, சொன்ன மாதிரியே அவன ஏத்தியும் விட்டாங்க. என்னயப் பொறுத்தவரைக்கும் எல்லாம் இதுலதான் இருக்கு, நம்ம முறை கண்டிப்பா வரும்னு நம்புனாதான் புள்ள காத்திருக்கும், பயத்துல நிக்கிறது மிஸ் அந்தப் பக்கம் திரும்புற வரைக்கும்தான்.

வெளையாட்டு சாமானும் ஒவ்வொண்ணுல ஒண்ணுதான் வைக்கிறாங்க. மொதல்ல கஞ்சத்தனம்னு நெனச்சேன், கேட்டா மாண்டிசோரி முறையே அப்படித்தானாம், அடுத்தவன் முடிக்கிற வரைக்கும் பொறுக்குறதும் எடுத்தத எடுத்த எடத்துல வைக்கிறதும் அதுலயே பழகிரும். இந்த முறைய உண்டாக்குன மரியா மாண்டிசோரி அம்மா 1939லயே அடையாறு வந்து டீச்சருங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தவங்க, நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசில்ல.

எதிர்ல வாய்க்கா. ஜூன்ல ஸ்கூல் தொறக்குற சமயம்தான் மேட்டூர் தண்ணியும் வரும், 12ந்தேதி தொறந்துட்டா கொஞ்ச நாள்ல இங்க ரெண்டு கரையும் தொட்டு ஓடும். அதுக்காக முடிச்சு போட்ட கயிறு வச்சிருக்காங்க, ஆளுக்கு ஒரு முடிச்சப் புடிச்சுக்கிட்டுதான் வேன் வரைக்கும் நடக்கணும், முன்னாடி மிஸ், பின்னாடி ஆயாம்மா. ஏன்னு கேட்டா என் பையனே சொல்றான், "தண்ணி இழுத்துரும்மா"ன்னு. காரணம் தெரிஞ்ச ரூல், அதான் வீட்லயும் வாசல் கேட்டத் தாண்ட மாட்டேங்குறான்.

இன்னொண்ணு, நம்ம டெல்டாக்காரங்க மறக்கவே கூடாதது. 2004 ஜூலை 16, கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து, செத்தது 94 புள்ளைங்க. அதுல புள்ளைங்க தப்பு எதுவுமே இல்ல, கீத்துக் கூரையும் குறுகலான படியும் பெரியவங்க செஞ்சது. அதனால புள்ள ஒழுங்கா லைன்ல நிக்குதான்னு பாக்குறதுக்கு முன்னாடி கூரை என்ன, படி எவ்ளோ அகலம், ரெண்டாவது வாசல் பூட்டி கெடக்கான்னு பாருங்க. இங்க மாடி கெடையாது, கான்கிரீட் கட்டடம், ரெண்டு வாசலும் தொறந்தே இருக்கு, அப்பப்ப பெல் அடிச்சு எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து எண்ணிப் பாக்குறாங்க, அந்த நேரத்துக்குத்தான் லைன் வேணும்.

புடிக்காததும் இருக்கு. சாப்ட்டு முடிச்ச புள்ள மத்தவங்க முடிக்கிற வரைக்கும் வாயில வெரல் வச்சு உக்காரணுமாம். இது யாருக்காக? மிஸ்ஸுக்கு சத்தம் இல்லாம இருக்கணும், அவ்ளோதான், புள்ளைக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. மீட்டிங்ல சொல்லிட்டேன், இன்னும் மாறல, மறுபடியும் சொல்லுவேன், நீங்க சேர்த்தா நீங்களும் சொல்லுங்க.

எழுத்து மெதுவாத்தான் போகுது, யூகேஜிலதான் அ, ஆ ஒழுங்கா ஆரம்பிக்கிறாங்க. அவசரப்படுறவங்களுக்கு இந்த ஸ்கூல் சரிப்படாது. அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு அந்த வெரலுக்காகக் கொறச்சது. அட்மிஷனுக்குப் போனா சாப்பாட்டு நேரத்துல போங்க, அப்பதான் உள்ள நடக்குறது தெரியும்.