சிப்பிப்பாறைக் குட்டிக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி

உட்கார், நில் என்று மிரட்டிப் பழக்கும் ஆள் இல்லை இந்த நாய்ப் பயிற்சியாளர், வந்ததுமே குட்டி எவ்வளவு நேரம் தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, வீட்டில் யார் கத்துவது என்றுதான் விசாரித்தார். குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத் தூக்கம் வேண்டுமாம், அது கெட்டால் கடி அதிகமாகும் என்றார், பிள்ளைகள் தூங்குகிற குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்தியதும் நன்றாகவே குறைந்தது. சிப்பிப்பாறை வேட்டை நாய், ஓடுவதைக் கண்டால் துரத்தும்; அதற்கு அடி கிடையாது, கூப்பிட்டதும் வந்தால் வேகவைத்த கோழிக்கறி, அவ்வளவுதான். சாப்பாட்டைப் பழைய துண்டில் சுருட்டி மோப்பம் பிடித்துத் தேடவிடச் சொன்னது அருமை. அப்புறம், தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டே தெருவையும் சத்தத்தையும் காட்டச் சொன்னார். கட்டணம் அதிகம், சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். ஆனாலும் வாலை இழுக்கும் சின்னவனுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார், அதற்கே கொடுக்கலாம்.